மூன்று ஏ போட்ட பலகை

கிட்டார் கடையின் விவரச் சீட்டில் "ஏஏஏ ஃப்ளேம் மேப்பிள் டாப்" என்று எழுதியிருக்கும். ஏறக்குறைய அதே மாதிரி பலகைக்கு இன்னொரு கம்பெனி நான்கு ஏ போடும், வேறொன்று ஐந்து போடும். இந்த ஏ-க்களை யார் போடுகிறார்கள்? விற்பவர்தான். மேலே ஒரு வாரியமோ முத்திரை குத்தும் அலுவலகமோ கிடையாது. மரம் அறுக்கும் ஆலைக்காரர் ஒரு கணக்கு வைத்திருப்பார், அவரிடம் வாங்கும் கிட்டார் கம்பெனி தன் கணக்கை வைத்திருக்கும். கடைக்கு வந்து சேரும்போது நம் கையில் இருப்பது எழுத்து மட்டும்.

அமெரிக்காவில் பலகைக்குத் தரம் பிரிக்கும் விதிகள் இல்லாமல் இல்லை. நேஷனல் ஹார்ட்வுட் லம்பர் அசோசியேஷன் 1898-இலேயே தொடங்கிவிட்டது. அதன் உச்சத் தரமான எஃப்.ஏ.எஸ். கிடைக்க வேண்டுமென்றால், பலகையின் பரப்பில் குறைந்தது 83⅓ சதவீதம் கணு, வெடிப்பு, சொத்தை இல்லாத துண்டுகளாகத் தேற வேண்டும். மேசை நாற்காலி செய்பவருக்கு அது போதும். எவ்வளவு மரம் வீணாகும் என்பது அதில் தெரிந்துவிடும். பலகைக்குள் ஓடும் அழகை அளக்க அந்த விதியில் இடமில்லை. எஃப்.ஏ.எஸ். பலகை ஒன்று வெற்றுப் பலகையாக இருக்கலாம். கழித்துப் போட்ட குவியலில் கிடக்கும் துண்டு கிட்டார்காரரின் கண்ணுக்குப் பொக்கிஷமாக இருக்கலாம்.

*

ஃப்ளேம் என்று நாம் பார்க்கும் கோடு மரத்தில் வரைந்த கோடே இல்லை. அந்த இடத்தில் நிறம் மாறவில்லை. நார்கள் நேராக மேலே போகாமல் அலை அலையாக வளைந்து வளர்ந்திருக்கின்றன. பலகையை அறுத்து இழைத்ததும், அலையின் ஒரு சரிவில் நார்கள் படுத்த வாக்கில் வெட்டுப்படும். அடுத்த சரிவில் நுனி மேலே பார்த்தபடி வெட்டுப்படும். படுத்திருக்கும் நார் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். நுனி காட்டும் நார் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒன்று வெளுப்பு, அடுத்தது கருப்பு என்று பட்டை பட்டையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

பலகையைக் கொஞ்சம் சாய்த்தால் வெளிச்சம் வந்து விழும் கோணம் மாறும். கருப்பாக இருந்த பட்டை வெளுக்கும், வெளுத்தது கருக்கும். வைடூரியத்தை விளக்கின் கீழே திருப்பும்போது உள்ளே ஒரு வெள்ளிக்கோடு நகர்ந்து போகுமே, இங்கே நடப்பதும் அதே ஒளி விளையாட்டுதான். அந்த நகர்வு இல்லாத கோடு வெறும் கோடு. தரம் பார்ப்பதில் எனக்கு முதல் கேள்வி, கடைசிக் கேள்வி இரண்டும் இதுவே: பலகை அசைகிறதா?

*

வகைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகரலாம்.

ஃப்ளேம், கர்லி, டைகர், ஃபிடில்பேக் எல்லாம் ஒரே குடும்பம். வயலினின் முதுகுப் பலகையில் காலங்காலமாக இருந்து வந்ததால் கடைசிப் பெயர். வயலின்காரர்கள் பயன்படுத்தியது ஐரோப்பிய மேப்பிள். குயில்ட் என்பது கொப்புளம் கொப்புளமாக, தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல் போலத் திரண்டு தெரிவது. பெரும்பாலும் அமெரிக்காவின் வடமேற்குக் கரையில், ஓரிகான், வாஷிங்டன், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் வளரும் பிக்லீஃப் மேப்பிளில் கிடைக்கும். பேர்ட்ஸ் ஐ என்பது சிறு சிறு சுழிகள். அது ஹார்ட் மேப்பிள் எனப்படும் சர்க்கரை மேப்பிளில், பெரிய ஏரிகளை ஒட்டிய காடுகளில். ஸ்பால்டட் என்பது பூஞ்சை ஏறிய மரம். பூஞ்சைக் கூட்டங்கள் ஒன்றோடொன்று எல்லை பிரித்துக்கொண்டு போட்ட கறுப்புக் கோடுகள் அதில் நெளியும். உளுத்த பகுதியைப் பசையூட்டி இறுக்காமல் அதை இழைப்பது கடினம்.

அறுக்கும் திசை முக்கியம். ஃப்ளேம் நன்றாகத் தெரிய வேண்டுமானால் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுக்க வேண்டும். குயில்ட்டுக்கும் பேர்ட்ஸ் ஐக்கும் நேர்மாறு: வளையத்தை ஒட்டிய தட்டை வாக்கில் அறுத்தால்தான் மலரும். நல்ல மரத்தைத் தப்பான திசையில் அறுத்தால் இரண்டு ஏ கூடத் தேறாது. ஆக, ஏ-க்களில் பாதி மரத்துக்குச் சேரும், பாதி ரம்பம் பிடித்தவருக்குச் சேரும்.

*

ஹார்ட் மேப்பிளும் பிக்லீஃபும் ஒரே மரம் என்று நினைத்து வாங்குபவர்கள் அதிகம். ஜான்கா என்று ஒரு கடினத்தன்மைச் சோதனை உண்டு. சிறிய எஃகுக் குண்டு ஒன்றை அதன் பாதி புதையும்வரை மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்பார்கள். ஹார்ட் மேப்பிளுக்குச் சுமார் 1,450 பவுண்டு விசை. பிக்லீஃபுக்கு சுமார் 850. எடையிலும் அந்த வித்தியாசம் தெரியும்: கன மீட்டருக்கு ஏறக்குறைய 700 கிலோ ஒன்று, 550 கிலோ மற்றொன்று. சீட்டில் "மேப்பிள்" என்று மட்டும் இருந்தால் எந்த மேப்பிள் என்று கேட்க வேண்டும். ஏ-க்களின் எண்ணிக்கையைவிட இந்தக் கேள்விக்கு வரும் பதிலில் விஷயம் அதிகம்.

*

இனி, தரம் பார்க்கும் முறை.

கடையின் டியூப் லைட்டுக்கு நேர் கீழே கிட்டாரைப் படுக்க வைத்துப் பார்த்து ஒரு பயனும் இல்லை. எல்லாப் பக்கமிருந்தும் பரவிவரும் வெளிச்சம் அலைகளை அழித்துவிடும். ஒற்றை விளக்கு வேண்டும். ஜன்னலோரம் பக்கவாட்டில் வரும் பகல் வெளிச்சமானால் இன்னும் நல்லது. கிட்டாரை மார்புக்கு நேராகப் பிடித்து மெல்ல இடமும் வலமும் சாய்க்க வேண்டும், பிறகு முன்னும் பின்னும். முதலில் பட்டைகள் எவ்வளவு ஆழமாகப் போகின்றன என்று பாருங்கள். நல்ல பலகையில் பரப்பு தட்டையாக இருக்கிறது என்பதைக் கண் நம்பாது; விரலால் தடவிப் பார்த்தால்தான் மேடுபள்ளம் இல்லை என்று ஒத்துக்கொள்ளும். சுமாரான பலகையில் பட்டை மேலோடு நிற்கும், ஒரே ஒரு கோணத்தில் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துபோகும்.

அடுத்து பரவல். நடுவில் தீப்பிடித்த மாதிரி இருந்துவிட்டு ஓரங்களில் அணைந்துபோகும் பலகைகள் ஏராளம். சன்பர்ஸ்ட் வண்ணத்தில் ஓரம் இருட்டாக இருப்பதால் அந்தக் குறை ஒளிந்துகொள்ளும். பாலத்துக்குக் கீழே, கிட்டாரின் வால்பக்கத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். விற்பவரின் புகைப்படங்களில் பெரும்பாலும் அந்த இடம் மங்கலாகவே இருக்கும்.

பட்டையின் அகலம் தரத்தைச் சேர்ந்ததே இல்லை, அது ருசி. சிலருக்கு நெருக்கமாக, ஊசிக்கோடு போல வேண்டும். சிலருக்கு ஒரு விரல் அகலத்தில் சோம்பலாகப் புரளும் அலை வேண்டும். கடைகளில் நெருக்கமானதற்குத்தான் ஏ கூடுகிறது. எனக்கு அகலமானது பிடிக்கும். ஒரே அளவில், ஒரே இடைவெளியில், மேலிருந்து கீழ்வரை அச்சடித்தது போல் வரும் பலகையைவிட, ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விரிந்து, ஒரு கணுவைச் சுற்றிக்கொண்டு போகும் அலை என்னை அதிக நேரம் பிடித்து வைக்கிறது. ஆனால் தரச் சீட்டில் இதற்கு மதிப்பெண் குறையும். ஒழுங்கு, சமச்சீர், வெண்மை, இந்த மூன்றுக்கும்தான் காசு. தாதுக்கறை என்று சொல்லப்படும் பழுப்புக் கீற்று ஒன்று குறுக்கே போனால் இரண்டு ஏ காணாமல் போகும்.

அலையை மட்டும் பார்த்துவிட்டு, அதன் அடியில் நெடுக்காக ஓடும் ரேகையைப் பார்க்காமல் விடுகிறோம். ரேகை நேராகப் போனால் பட்டை அதன்மேல் தெளிவாக நிற்கும். ரேகை பூவேலை போல் வளைந்து அகன்றிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதி, பலகை கலங்கலாகத் தெரியும்.

*

பூச்சு ஏறாத பலகையை வாங்கும் கிட்டார் தச்சர்கள் கையோடு ஒரு சிறு பாட்டிலை வைத்திருப்பார்கள். நாப்தா அல்லது ஸ்பிரிட். இழைக்காத, சொரசொரப்பான பலகையில் கொஞ்சம் தெளித்தால் பட்டை சட்டென்று எழுந்து நிற்கும். பாலிஷ் போட்டபின் எப்படி இருக்கும் என்பதற்கு முன்னோட்டம் கிடைக்கும். சில நொடிகளில் ஆவியாகிவிடுவதால் மரத்துக்குக் கெடுதல் இல்லை. தண்ணீர் தெளித்தாலும் தெரியும், ஆனால் நார் சிலிர்த்துக்கொள்ளும். இணையத்தில் பூச்சு ஏறாத பலகையின் படம் பளபளவென்று இருந்தால் அது ஈரமாக இருக்கும்போது எடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

*

கிட்டாரின் அகலத்துக்கு ஒற்றைப் பலகை கிடைப்பது கடினம். கிடைத்தாலும் பெரும்பாலோர் அதை விரும்புவதில்லை. ஒரு தடித்த பலகையை நடுவில் அறுத்து, புத்தகத்தை விரிப்பதுபோல் இரண்டு பாதிகளையும் விரித்து ஒட்டுவார்கள். புக்மேட்ச் என்பது இதுதான். பட்டைகள் நடுக்கோட்டில் வந்து சந்திக்கும். சாய்ந்த பட்டையானால் அம்புமுனை போல வடிவம் வரும். ஒட்டிய இடத்தில் இடப்பக்கப் பட்டையும் வலப்பக்கப் பட்டையும் ஒன்றோடொன்று கைகோக்கின்றனவா என்று பார்ப்பது தரப் பரிசோதனையில் பாதி. ரம்பம் தின்ற மரமும் அதன்பின் இழைத்துத் தள்ளிய மரமும் சேர்ந்து சில மில்லிமீட்டர் போய்விடும். அலை நேர்ச்செங்குத்தாக உள்ளே இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகாது. சரிந்து இறங்கியிருந்தால் பட்டைகள் நடுவில் தடம் மாறி நிற்கும்.

புக்மேட்ச் பலகையில் ஒரு பாதி ஒளிர்ந்து மறுபாதி மங்கித் தெரிவது வாங்குபவர்களைப் பயமுறுத்தும் விஷயம். "இரண்டு வேறு மரத்தை ஒட்டிவிட்டார்களா?" இல்லை. ஒரு பாதியைப் புரட்டிப் போட்டதால் அதில் நார்களின் சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது. கிட்டாரைச் சாய்த்தால் ஒளி இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்குத் தாவும். குறை என்று சொல்பவர்கள் உண்டு. ஒரே மரத்தின் இரண்டு முகங்கள் ஒளியைக் கைமாற்றிக்கொள்வதை நான் குறையில் சேர்க்க மாட்டேன்.

*

இந்த ஃப்ளேம் பித்து எங்கே தொடங்கியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்க வேண்டும்.

கிப்சன் கம்பெனி 1952-இல் லெஸ் பால் கிட்டாரைக் கொண்டுவந்தது. மிஷிகன் மாநிலத்தின் கலமஸூ ஊரில் அதன் தொழிற்சாலை. உடல் மஹாகனி, அதன்மேல் செதுக்கி வளைத்த மேப்பிள் பலகை. அந்த மேப்பிளை அப்போது யாரும் பார்க்கவில்லை. முழுக்கப் பொன்வண்ணம் பூசியிருந்தார்கள். அடியில் இரண்டு துண்டா, மூன்று துண்டா, ஒட்டு நடுவில் வந்ததா, தள்ளி வந்ததா என்ற கவலையே கிடையாது. அதற்கு முன்பு அவர்கள் செய்த வளைமுகக் கிட்டார்களில் அலைபாயும் மேப்பிள் முதுகில்தான் இருந்தது, வாசிப்பவரின் வயிற்றோடு ஒட்டி, பார்வையாளர் காண முடியாத பக்கத்தில். முகத்துக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம்.

1958-இல் விற்பனை தளர்ந்தபோது வண்ணத்தை மாற்றினார்கள். ஓரத்தில் செர்ரிச் சிவப்பு, நடுவுக்கு வர வர மஞ்சள், ஒளி ஊடுருவும் பூச்சு. மேப்பிள் முதல்முறையாக வெளியே தெரிந்தது. 1960-உடன் அதுவும் நின்றுபோய், 1961-இல் எஸ்.ஜி. என்று இன்று அழைக்கப்படும் மெல்லிய இரட்டைக் கொம்பு வடிவம் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இந்த மூன்று ஆண்டுகளில் வெளிவந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால்கள் சுமார் 1,500 இருக்கலாம். இன்று உலகில் மிக அதிக விலைக்குக் கைமாறும் எலெக்ட்ரிக் கிட்டார் வகைகளில் அதுவும் ஒன்று.

அந்தக் கிட்டார்களில் எதற்கும் ஏ போட்டு விற்கவில்லை. கையில் கிடைத்த மேப்பிளை எடுத்தார்கள், இரண்டாக அறுத்து ஒட்டினார்கள், வண்ணம் அடித்தார்கள். அதனால் அவற்றில் எல்லாம் உண்டு. பட்டையே இல்லாத வெற்றுப் பலகை உண்டு. ஒரு பாதி எரிந்து மறுபாதி தூங்கும் பலகை உண்டு. நடுவில் தாதுக்கறை ஓடுவது உண்டு. எங்கோ ஒன்றிரண்டில், எப்படி வந்து சேர்ந்ததோ, மூச்சை நிறுத்தும் அலை உண்டு. இன்றைய ஐந்து ஏ பலகைகளைப் பார்த்துப் பழகிய கண் ஒரு சராசரி 1959 லெஸ் பாலைப் பார்த்தால் ஏமாந்து போகும். நாம் நகலெடுக்க முயலும் மூலங்களில் பெரும்பாலானவை இன்றைய கடையில் "பிளெய்ன் டாப்" என்று மலிவாக ஒதுக்கப்பட்டிருக்கும்.

பித்தைக் கிளப்பியது பலகைகூட இல்லை, ஒலி. 1966-இல் ஜான் மேயாலின் "ப்ளூஸ் பிரேக்கர்ஸ்" இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் ஒரு சன்பர்ஸ்ட் லெஸ் பாலை வாசித்தார். தட்டின் முன்னுறையில் அவர் கையில் இருந்தது "பீனோ" என்ற சிறுவர் சித்திரக்கதை இதழ், கிட்டாரைக் காணோம். அந்தக் கிட்டார் அதே ஆண்டில் திருடு போனது. கேட்டவர்கள் அந்த ஒலிக்காகவே அந்தக் கிட்டாருக்கு ஏங்கினார்கள். பீட்டர் கிரீன், ஜிம்மி பேஜ், பில்லி கிப்பன்ஸ் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு 1959 வந்து சேர்ந்தது. பேஜ் தன் கிட்டாரை 1969-இல் ஜோ வால்ஷிடமிருந்து வாங்கினார். ஏக்கம் முதலில் வந்தது, அதன்பிறகுதான் பட்டைகளை எண்ணும் பழக்கம்.

பட்டைகள் ஒழுங்கற்று இருந்ததில் எதிர்பாராத ஒரு நன்மை. இரண்டு பலகை ஒன்றுபோல் இராது என்பதால், பழைய மேடைப் புகைப்படத்தில் தெரியும் பட்டைகளோடு ஒப்பிட்டு இது இன்னார் வாசித்த கிட்டார்தான் என்று உறுதிப்படுத்த முடிகிறது. கைரேகைபோல் பயன்படுகிறது மரத்தின் குறை.

*

அந்தச் செர்ரிச் சிவப்பு வெயிலில் நிற்கவில்லை. கடைக் கண்ணாடி ஜன்னலில் தொங்கிய கிட்டார்களில் சிவப்பு முழுக்க வெளுத்து எலுமிச்சை மஞ்சளாகவும், தேயிலைப் பழுப்பாகவும், தேனாகவும் மாறியது. பிக்கார்டைக் கழற்றினால் அடியில் பழைய சிவப்பு அப்படியே இருக்கும். 1960-இல் கிப்சன் சாயத்தை மாற்றியது. பிந்தியவை அவ்வளவாக வெளுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், வெளுத்துப்போன கிட்டாரில்தான் ஓரம்வரை மேப்பிள் தெரிகிறது. சாயம் தோற்றதால் மரம் வெளியே வந்தது.

*

பலகைக்கு மதிப்பெண் கொடுக்கும் பழக்கத்தை வாங்குபவர்களின் நாக்கில் ஏற்றியதில் பால் ரீட் ஸ்மித்துக்குப் பெரும் பங்கு. மேரிலாந்து மாநிலத்தின் அனாபொலிஸில் 1985-இல் அவர் பி.ஆர்.எஸ். கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு முன்பே, ஹார்ட் என்ற இசைக்குழுவின் ஹாவர்ட் லீஸுக்கு அவர் செய்த ஆரம்பகாலக் கிட்டார் ஒன்றின் மேப்பிள், பழைய இழுப்பறை மேசை ஒன்றின் முகப்புப் பலகையிலிருந்து வந்தது. துணி வைக்கும் இழுப்பறையில் அந்த அலையைக் கண்ட கண்ணை நான் மதிக்கிறேன்.

பி.ஆர்.எஸ். கிட்டார்களில் "10 டாப்" என்று ஒரு கூடுதல் விலை உண்டு. சிறந்ததாகப் பொறுக்கிய பலகையானால் தலையின் பின்புறம் 10 என்று எண் இருக்கும். 1996-இல் தொடங்கிய பிரைவேட் ஸ்டாக் அதற்கும் மேல். கிப்சனின் இன்றைய ஸ்டாண்டர்ட் லெஸ் பால் விவரச் சீட்டிலோ "ஏஏ ஃபிகர்ட் மேப்பிள்", அதாவது அலையோடிய மேப்பிள், என்று வரும். கிப்சனின் ஏஏ-யும் இன்னொரு கம்பெனியின் ஏஏ-யும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத மொழிகள். பி.ஆர்.எஸ்.ஸில் 10 வாங்காத சாதாரணப் பலகை வேறு இடத்தில் மூன்று ஏ வாங்கும். ஒரே கம்பெனிக்குள் ஒப்பிட மட்டும் இந்த எண்கள் உதவும்.

*

மலிவு விலைக் கிட்டாரில் அபாரமான ஃப்ளேம் இருந்தால் அது பெரும்பாலும் வெனியர். அரை மில்லிமீட்டர் சுற்று வட்டாரத்தில் சீவிய தோல். எபிஃபோன் லெஸ் பால்கள் பலவும் பி.ஆர்.எஸ். எஸ்.இ. வரிசையில் பலவும் சாதா மேப்பிள் பலகையின்மேல் ஃப்ளேம் வெனியரை ஒட்டித்தான் வருகின்றன. கம்பெனிகளே அதைச் சொல்கின்றன, மறைப்பதில்லை. இதில் இழிவு எதுவும் இல்லை. ஒரு நல்ல மரத்தை அரை அங்குலக் கனத்தில் அறுத்தால் சில கிட்டார்கள் கிடைக்கும், தோலாகச் சீவினால் பல நூறு பேர் வீட்டுச் சுவரில் தொங்கும். அடுத்தடுத்துச் சீவிய தோல்கள் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் இரட்டைப் பிள்ளைக் கிட்டார்கள் பிறப்பதும் உண்டு.

கண்டுபிடிக்க வேண்டுமானால் பிக்கப்பைக் கழற்றிக் குழியின் சுவரைப் பார்க்கலாம். மேலே கோடு போல் மெல்லிய தோல், அடியில் வேறு மரம். முழுப் பலகையானால் பட்டை குழிச் சுவரிலும் இறங்கிப் போகும். இன்னொரு வழி வளைவைப் பார்ப்பது. தடித்த பலகையைச் செதுக்கி வளைக்கும்போது உளி ஒவ்வோர் அடுக்காக இறங்குகிறது. சரிவு உள்ள இடத்தில் ரேகை நிலவரைபடத்தின் உயரக் கோடுகள் மாதிரி வளைந்து விரியும். வளைந்த உடல்மேல் ஒட்டிய தோலில் அது நடக்காது. சரிவிலும் ரேகை நேராகவே போகும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

தோலுக்கும் கீழே ஒரு படி: படம். 1990-களின் நடுவில் ஜப்பானில் செய்த ஃபெண்டர் கிட்டார்கள் சிலவற்றில் "ஃபோட்டோ ஃப்ளேம்" என்று மேப்பிளின் புகைப்படத்தையே பூச்சுக்குள் ஒட்டினார்கள். பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார்கள். நல்ல கிட்டார்கள்தான். ஆனால் சாய்த்தால் பட்டை நகராது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கருப்பு கருப்பாகவே நிற்கும்.

*

சாயம் ஏற்றுவதில் ஒரு கைப்பழக்கம் உண்டு. முதலில் கருப்பு அல்லது கரும்பழுப்புச் சாயத்தைப் பலகை முழுக்கத் தேய்ப்பார்கள். நுனி காட்டும் நார்கள் அதிகம் குடிக்கும். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் படுத்த நார்களின்மேல் இருந்த சாயம் போய்விடும், குடித்த பட்டையில் மட்டும் நிற்கும். அதன்மேல் நீலமோ பச்சையோ அம்பரோ ஏற்றினால் இரண்டு ஏ பலகை நான்கு ஏ போல் தெறிக்கும். பார்வைக்கு அட்டகாசம். ஆனால் கருப்புச் சாயம் அதிகமானால் பட்டை உறைந்துவிடும். ஒளியைத் திருப்ப வேண்டிய நாரில் சாயம் அடைத்துக்கொள்வதால் சாய்த்தாலும் கருப்பு வெளுக்காது. ஐந்து ஏ மரத்தையே இப்படிக் கொன்றிருக்கிறார்கள். நல்ல பலகைக்கு லேசான அம்பரும் தெளிந்த பூச்சும் போதும்.

*

ஒலி? பிக்கப் கேட்பது எஃகுக் கம்பியின் அதிர்வை. மேப்பிள் பலகை மொத்தமாக ஒலியை எவ்வளவு மாற்றுகிறது என்று நாள் முழுக்க வாதாடலாம். அதில் ஓடும் அலை ஒலிக்கு எதையும் சேர்ப்பதில்லை. அலைநார் மரம் நேர்நார் மரத்தைவிடச் சற்று வளைந்து கொடுக்கும், ஈரம் மாறினால் முறுக்கிக்கொள்ளவும் செய்யும். இழைப்புளி ஓட்டினால் பிய்த்துக்கொண்டு வரும். உடலில் ஒட்டிய பலகைக்கு இதனால் பாதகமில்லை. நெக்கில் ஃப்ளேம் கேட்பவர்கள் நன்கு உலர்ந்த மரமா என்று விசாரிப்பது நல்லது.

*

இந்தப் பலகைகளைப் பற்றி எழுதும்போது விடக் கூடாத பக்கம் காடு.

பிக்லீஃப் மேப்பிள் நின்றுகொண்டிருக்கும்போது உள்ளே அலை இருக்கிறதா என்று வெளியிலிருந்து நிச்சயமாகத் தெரியாது. திருட்டுத்தனமாக வெட்டுபவர்கள் மரத்தின் மேல்தோலைக் கோடாரியால் கொத்தி எடுத்துப் பார்ப்பார்கள். அலை இல்லையென்றால் அடுத்த மரம். காயம் பட்ட மரம் அப்படியே நிற்கும். அலை இருந்தால் சாய்த்து, நல்ல துண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

2018 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசியக் காட்டில் தீப்பிடித்து சுமார் 3,300 ஏக்கர் எரிந்தது. அந்தத் தீக்கு இன்று "மேப்பிள் ஃபயர்" என்றே பெயர். ஃபிகர்ட் மேப்பிளைத் திருட வந்தவர்கள், மரத்தடியில் குளவிக்கூடு இருந்ததால் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள் என்பது அரசுத் தரப்பு வழக்கு. 2021-இல் டகோமாவில் விசாரணை. ஆலைக்கு விற்கப்பட்ட பலகையின் டி.என்.ஏ.வும் காட்டில் எஞ்சிக் கிடந்த மூன்று மேப்பிள்களின் டி.என்.ஏ.வும் பொருந்துகின்றன என்று அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி சாட்சி சொன்னார். மரத்தின் டி.என்.ஏ. அமெரிக்காவின் கூட்டாட்சிக் குற்ற விசாரணை ஒன்றில் சான்றாக வந்தது அதுவே முதல்முறை. மரத்திருட்டில் குற்றம் உறுதியானது. தீ வைத்த குற்றத்தில் ஜூரி அப்படித் தீர்ப்புச் சொல்லவில்லை.

அந்தப் பலகைகளுக்கும் ஆலையில் யாரோ ஏ போட்டிருப்பார்கள். கோணல் இல்லாத, கறை இல்லாத, ஓரம்வரை அலை பாயும் பலகை வேண்டும் என்று நாம் கேட்கக் கேட்க, ஒரு நல்ல மரத்துக்காகக் கொத்திப் பார்க்கும் மரங்களின் எண்ணிக்கை கூடும். எங்கிருந்து வந்த மரம் என்று கேட்பதும் தரம் பார்ப்பதில் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முறையாக வாங்கிய ஆலைக்குப் பதில் சொல்லத் தெரியும்.

*

வெற்றுப் பலகை பற்றி இரண்டு வரி. சாயம் தெளிவாக இருந்தால் வெற்று மேப்பிளிலும் பொடிப்பொடியாக மினுக்கம் உண்டு. பக்கவாட்டு வெயிலில் பிடித்தால் ரேகைகளுக்கு நடுவே சிறு பொறிகள் தெரியும். அதற்கு ஒரு ஏ கூடக் கிடையாது. பழைய லெஸ் பால்களை நகலெடுக்கும் கிட்டார்களில் நான் அதைத்தான் தேடுவேன், காசும் மிச்சம்.

*

தூரத்து ஊரிலிருந்து படம் பார்த்து வாங்குபவர்களுக்கு: புகைப்படத்தை நம்பாமல் வீடியோ கேளுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஃபோன் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து, கிட்டாரின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். வால்பக்கம் கட்டாயம் வர வேண்டும். பிறகு டார்ச்சை மறுபக்கம் மாற்றி இன்னொரு முறை. முதல் ஓட்டத்தில் கருப்பாக இருந்த பட்டை இரண்டாவதில் வெளுக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளுத்தால் விலை பேசலாம். வீடியோ எடுக்க மாட்டேன், ஏஏஏஏ என்று சீட்டிலேயே இருக்கிறதே என்று சொல்பவரிடம் நான் வாங்குவதில்லை.